புதுச்சேரிச் சோழியும் லேபர் வார்டு கோடும்: ஒரு நேர்கோட்டின் கதை

1/
கிரகணம் வரும்போதெல்லாம் ஒரு ஃபார்வர்டு சுத்தும். அந்தக் காலத் தமிழர்கள் வெறும் சோழியை வச்சே கிரகணத்தை விநாடிக் கணக்கில் சொன்னாங்க, வெள்ளைக்காரன் அசந்து போயிட்டான்னு.
அதுக்குப் பின்னால ஒரு நிஜக் கதை இருக்கு. நடந்தது நம்ம புதுச்சேரியில். ஆனா ஃபார்வர்டில் வர்றது பாதிக் கதைதான். மீதிப் பாதி புரியணும்னா ஸ்கூல் கணக்கு நோட்டில் போட்ட கிராஃப் ஒண்ணு போதும்.
நீண்ட த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

2/
ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இந்தக் கதை கடைசியில் லேபர் வார்டுக்குத்தான் வரும். அங்கே தினமும் ஒரு நேர்கோட்டை நம்பி முடிவு எடுக்கிறோம். அதனால எந்தக் கோட்டை, எவ்வளவு தூரத்துக்கு நம்பலாம்னு தெரிஞ்சிருக்கணும்.

3/
முதலில் கிராஃப். பயப்படாதீங்க.
பாகூர் பக்கம் பனித்திட்டு கடற்கரையில் பௌர்ணமி அன்னிக்கு நில்லுங்க. சாயங்காலம் 6 மணி வாக்கில் நிலா கடலிலிருந்து எழும்பும். மறுநாள் சராசரியா 50 நிமிஷம் தாமதம். அதுக்கு மறுநாள் இன்னொரு 50.
அப்போ மூணாம் நாள்? 150 நிமிஷம். ராத்திரி எட்டரை.
நீங்க இப்போ ஒரு நேரியல் சமன்பாட்டைத் தீர்த்துட்டீங்க.

4/
எழுதிப் பார்த்தா இவ்வளவுதான்:
நிலா எழும் நேரம் = மாலை 6 + (50 நிமிஷம் × பௌர்ணமிக்குப் பிறகு எத்தனை நாள்)
படுக்கை அச்சில் நாள், செங்குத்து அச்சில் நேரம். புள்ளிகளை வச்சு ஸ்கேலால் இணைச்சா நேர்கோடு. 6 மணி என்பது கோடு தொடங்கும் இடம், அதாவது வெட்டுத்துண்டு. 50 நிமிஷம் என்பது சாய்வு. ஸ்கூலில் மனப்பாடம் செஞ்ச 'ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி' இதுதான்.
கடல் ஏற்றமும் வற்றமும் இதே போல தினம் தள்ளித் தள்ளி வருவதை மீனவக் குடும்பங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

5/
இந்தக் கோட்டில் ஒரு சிக்கல் இருக்கு. 50 நிமிஷம் என்பது சராசரி. நிலா ஒரே வேகத்தில் ஓடாது. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், விலகும்போது மெதுவு. அதனால சில நாள் தாமதம் கம்மி, சில நாள் ஜாஸ்தி.
நாளைக்கு நிலா எப்போ வரும்னு கேட்டா கோடு போதும். கிரகணம் எந்த நிமிஷம் தொடங்கும்னு கேட்டா பத்தாது. இந்த இடத்தில்தான் நம்ம பஞ்சாங்கக் கணக்கர்கள் வர்றாங்க.

6/
அதுக்கு முன்னால 1760. கியோம் லெ ஜாந்தி என்ற ஃபிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761 ஜூனில் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதை இங்கிருந்து பார்க்கணும்.
வழியிலேயே சேதி வந்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடிச்சுட்டாங்க. கப்பல் திரும்பியது. ஆடும் கப்பலில் நின்னு பார்த்த கணக்கு எதுக்கும் உதவலை.
மனுஷன் ஊருக்குப் போகாம, அடுத்த வாய்ப்புக்காக 8 வருஷம் இந்தப் பக்கமே சுத்தினார்.

7/
1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இடிஞ்சு கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை. வெள்ளி கடக்கும் நேரம் பார்த்து மேகம் மூடிக்கிச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு வெயில் அடிச்சது.
1771-ல் ஃபிரான்ஸ் திரும்பினா, அவர் செத்துட்டதா முடிவு கட்டி வாரிசுகள் சொத்துக்குக் கிளம்பியிருந்தாங்க.

8/
ஆனா புதுச்சேரியில் இருந்த காலத்தில் லெ ஜாந்தி ஒரு உருப்படியான வேலை செஞ்சார். உள்ளூர்த் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் கத்துக்கிட்டார். பேனா கிடையாது, பேப்பர் கிடையாது. சோழியை நகர்த்தி நகர்த்திக் கணக்கு.
1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வச்சு அதைச் சோதிச்சார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ் முறைக்கு 41 விநாடி பிசகு. அன்றைய ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணைக்கு 68 விநாடி பிசகு.
ஃபார்வர்டு இதோட முடிஞ்சிடும்.

9/
இப்போ மீதிக் கதை. 1825, அதே புதுச்சேரி.
ஜான் வாரன் என்பவர் இங்கே குடியிருந்தார். கோலாரில் தங்கம் இருக்குன்னு அறிக்கை எழுதியவர், சென்னை வானாய்வகப் பொறுப்பைச் சில வருஷம் பார்த்தவர். தென்னிந்தியர்கள் காலத்தைக் கணக்கிடும் முறைகளைத் தொகுத்து 'கால சங்கலித' என்ற பெரிய நூலை அந்த வருஷம் சென்னையில் வெளியிட்டார்.

10/
அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்கரை உட்கார வச்சுக் கணக்கு போடச் சொல்லிப் பார்த்தார். வாரன் எழுதியிருக்கும் பெயரைச் சாமிநாதன் சேஷய்யா என்று படிக்கலாம்.
அந்த மனுஷர் தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணை எதையும் புரட்டலை. எல்லாம் மனப்பாடம், சொற்களாக. 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் கொடுத்தார்.
வாரன் சொல்வது: இவருக்கு வானியல் கொள்கை ஒண்ணும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம்.

11/
பலன்? கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷம் பிசகு. நடுவில் எதிர்ப்பக்கமாக 23 நிமிஷம். முடிவில் அதே எதிர்ப்பக்கம் 52 நிமிஷம். மொத்த நேர நீளம் 56 நிமிஷம் தப்பு.
அதே ஊர், அதே சோழி, அதே மாதிரி முறை. ஒரு தடவை 41 விநாடி, இன்னொரு தடவை 56 நிமிஷம்.
ஃபார்வர்டு அனுப்புறவங்க முதல் எண்ணை மட்டும் வச்சுக்கிறாங்க. கிண்டல் பண்றவங்க ரெண்டாவது எண்ணை மட்டும் வச்சுக்கிறாங்க.

12/
இங்கேதான் ஸ்கூல் கிராஃப் உதவும்.
நோட்டில் ஒரே ஒரு புள்ளி வைங்க. அது வழியா எத்தனை நேர்கோடு வரையலாம்? எண்ணிக்கையே இல்லை. ரெண்டாவது புள்ளி வச்சாத்தான் கோடு ஒண்ணாகும். மூணாவது புள்ளி வச்சாத்தான் அந்தக் கோடு சரியா தப்பான்னு தெரியும்.
ஒரே ஒரு கிரகணம் சரியா அமைஞ்சதை வச்சு ஒரு முறையைக் கொண்டாடுவதும், ஒண்ணு தப்பினதை வச்சுத் தூக்கி எறிவதும் ஒரே தப்புதான். ஒரு பேஷண்டுக்குக் கேட்டதால மருந்து நல்ல மருந்துன்னு நாங்க சொல்ல முடியாத காரணமும் இதுவே.

13/
சரி, அந்த முறைக்குள்ள என்ன இருந்தது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.
நிலா பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர சுமார் 27.55455 நாள். பின்னம் படுத்தும். ஆனா இப்படி 9 சுற்று போனா கிட்டத்தட்ட முழுசா 248 நாள். அதனால 248 நாளுக்கும் நிலாவின் இடத்தை ஒவ்வொரு வாக்கியமா மனப்பாடம் செஞ்சுட்டா, 249-ம் நாளில் இருந்து திரும்ப முதல் வாக்கியம். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயர் இதிலிருந்து வந்தது.

14/
248 / 9 = 27.5556. உண்மைக்கும் இதுக்கும் ஒரு சுற்றில் ஒண்ணரை நிமிஷத்துக்குள்தான் வித்தியாசம். ரொம்பச் சின்னது, இல்லையா?
ஆனா இது சாய்வில் இருக்கும் பிசகு. சாய்வு பிசகினா நாள் போகப் போகக் கோடு விலகிக்கிட்டே போகும். ஒரு வருஷத்தில் 19 நிமிஷம். 100 வருஷத்தில் 32 மணி நேரம். கிராஃபில் ரெண்டு கோடும் ஒரே இடத்தில் தொடங்கும், நோட்டின் வலது ஓரத்தில் விரலளவு இடைவெளி விழுந்திருக்கும்.

15/
நம்ம முன்னோர் இதைக் கவனிக்காம இல்லை. அதனால அடுத்த சுழற்சி: 3,031 நாளில் 110 சுற்று. வகுத்துப் பாருங்க, 27.554545. உண்மைக்கு ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. 100 வருஷம் ஓட்டினாலும் பத்து நிமிஷத்துக்குள்தான். அதுக்கும் மேல 12,372 நாள் சுழற்சி ஒண்ணு.
கணக்கர் செய்வது இதுதான்: இன்று வரை ஓடிய நாட்களில் பெரிய சுழற்சியைக் கழி, அடுத்ததைக் கழி, அடுத்ததைக் கழி. மிச்சம் 248-க்குள் வரும். அந்த வாக்கியத்தைச் சொல்.

16/
இவ்வளவு எண்ணை எப்படி ஞாபகம் வச்சாங்க? எண்ணையே சொல்லாக்கிட்டாங்க. கடபயாதி முறை. ஒவ்வொரு மெய்க்கும் ஒரு எண்.
248 நாள் சுழற்சியின் பெயர் 'தேவரம்'. அந்த முறையில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து படிச்சா 248. 3,031-க்கு 'காலானலம்': கா 1, லா 3, ன 0, ல 3. திருப்பினா 3031.
பெயர் தெரிஞ்சா எண் தெரியும். கால்குலேட்டர் இல்லாத ஊரில் ஒரு மனுஷன் தலைக்குள்ளேயே எக்செல் ஷீட் வச்சிருந்த மாதிரி.

17/
ரெண்டு வாக்கியங்களுக்கு நடுவில், அதாவது நாளின் பாதியில் நிலா எங்கே? இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம். வித்தியாசத்தை 60 நாழிகைக்குப் பங்கு போடு. திரைராசிகம் என்ற மூன்று எண் விதி.
கிராஃபில் சொன்னா: ரெண்டு புள்ளிக்கு நடுவில் ஸ்கேலை வச்சு நேர்கோடு இழு. கிராஃப் தாள் பார்க்காதவங்க, நேர்கோட்டின் எண்கணிதத்தை முழுசா வச்சிருந்தாங்க.

18/
கிராஃபாக வரையும் பழக்கம் எப்போ வந்தது? 14-ம் நூற்றாண்டில் ஓரேம் என்ற ஃபிரெஞ்சுக்காரர் மாறும் வேகத்தைப் படமா வரைஞ்சார். 1637-ல் டெகார்த்தின் நூல் சமன்பாட்டையும் கோட்டையும் ஒண்ணாக்கியது.
ஆனா சீரா ஏறிச் சீரா இறங்கும் எண் வரிசைகளை 2,000 வருஷத்துக்கும் முன்னாலேயே பாபிலோனியர் களிமண் பலகையில் எழுதி வச்சிருக்காங்க. கிராஃபில் போட்டா ரம்பப் பல் மாதிரி நேர்கோடுகள். 248 நாள் சுழற்சியும் அவங்க பலகைகளில் இருக்கு.

19/
ஆட்டோ நாய்கெபாவர் என்ற கணித வரலாற்றாளர் அந்தப் பலகைகளைப் படிச்சவர். 1952-ல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். வாரன் பதிவு செஞ்ச புதுச்சேரிக் கணக்கரின் முறைதான் மையம். பாபிலோனில் தொடங்கி, கிரேக்கப் பாப்பிரஸ் சுருள் வழியா, வராகமிகிரர் தொகுப்பு வழியா வந்த ஒரு கணக்கு, 1825-ல் நம்ம ஊர்த் தரையில் உயிரோடு இருந்ததைக் காட்டினார்.
'கொள்கை தெரியாதவர்' என்று வாரன் சொன்ன அந்த மனுஷர் இல்லைன்னா இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நமக்குக் கிடைச்சிருக்காது.

20/
இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2023-ல் சனிப்பெயர்ச்சி எப்போ? திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. நம்ம காரைக்கால் திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் டிசம்பரில் விழா.
ஒரே சனி, ஒரே வானம், 337 நாள் வித்தியாசம். எப்படி?

21/
ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆரியபடர் கி.பி. 499 வாக்கில் கொடுத்த எண்ணின்படி சனி ஒரு சுற்று சுத்த சுமார் 10,766 நாள். இன்றைய அளவு 10,759. வித்தியாசம் 7 நாள். கிட்டத்தட்ட 30 வருஷத்தில் 7 நாள் பிசகு என்பது தொலைநோக்கி இல்லாத காலத்தில் அபாரமான துல்லியம்.
ஆனா அன்றிலிருந்து சனி 51 முறைக்கு மேல் சுத்தியாச்சு. 51 × 7 = 357.
வாக்கிய முறை ஆரியபடர் எண்ணை அப்படியே எடுத்ததல்ல, நடுவில் திருத்தங்களும் உண்டு. அதனால இதுதான் முழுக் காரணம்னு சொல்லலை. ஆனா ஒரு சின்னச் சாய்வுப் பிசகு 1,500 வருஷத்தில் எந்த அளவுக்கு வளரும்னு பாருங்க.

22/
அப்போ பழையவங்களுக்குத் தெரியலையா? நல்லாத் தெரியும். 683-ல் ஹரிதத்தர் கேரளத்தில் திருத்தம் கொண்டுவந்தார். பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைத் தானே பார்த்துப் பார்த்துக் குறிச்சு, 1431-ல் 'திருக்கணிதம்' என்ற முறையை வகுத்தார். கண்ணால் பார்த்துச் சரி செய்த கணிதம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.
19-ம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடிச்சவர், பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்க்கணும்னு சொல்லி அப்படியே பஞ்சாங்கமும் போட்டார்.
கோட்டில் புதுப் புள்ளி வைப்பதும் நம்ம மரபுதான். எந்தப் பஞ்சாங்கப்படி சாமி கும்பிடுவது என்பது உங்க விருப்பம், அதுல நான் தலையிடலை.

23/
இப்போ லேபர் வார்டு.
பிரசவ வலி வந்த பெண்ணின் கேஸ் ஷீட்டில் ஒரு கிராஃப் இருக்கும். பார்ட்டோகிராஃப். படுக்கை அச்சில் மணி, செங்குத்து அச்சில் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கு என்பது. அதில் ரெண்டு சாய்வுக் கோடுகள் அச்சடிச்சிருக்கும்.
முதல் கோடு: திறப்பு = 4 + மணி. அதாவது 4 சென்டிமீட்டரில் தொடங்கி மணிக்கு 1 சென்டிமீட்டர். ரெண்டாவது கோடு அதே சாய்வில் 4 மணி நேரம் தள்ளி. இணைகோடுகள்: சாய்வு ஒண்ணு, தொடங்கும் இடம் வேற.

24/
1972-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காசில் என்ற ரெண்டு பேர் இந்தக் கோடுகளைப் போட்டாங்க. தூரத்துக் கிராம கிளினிக்கில் தனியா இருக்கும் செவிலியருக்காக.
பெண்ணின் புள்ளிகள் முதல் கோட்டைத் தாண்டி வலது பக்கம் போனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ரெண்டாவது கோட்டைத் தொட்டா உடனே ஏதாவது செய். நடுவில் இருக்கும் 4 மணி நேரம் வண்டி பிடிச்சுப் போய்ச் சேர. பனித்திட்டிலிருந்து ராத்திரியில் டவுனுக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த இடைவெளியின் மதிப்பு தெரியும்.

25/
செவிலியருக்குச் சமன்பாட்டின் தத்துவம் தெரிய வேண்டாம். புள்ளி வைக்கத் தெரிஞ்சாப் போதும். சோழிக் கணக்கர் மாதிரியேதான்.
உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் இதைச் சோதிச்சு 1994-ல் முடிவை வெளியிட்டது. மிக நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைஞ்சது. ஸ்கேலால் போட்ட ஒரு கோடு உயிர் காப்பாத்தியது.

26/
ஆனா கதை அங்கே முடியலை. பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, நல்லபடியா சுகப்பிரசவம் ஆகும் பல பெண்கள்கூட மணிக்கு 1 சென்டிமீட்டர் போவதில்லைன்னு தெரிஞ்சது. ஆரம்பத்தில் மெதுவு, பிறகு வேகம். கோட்டை மட்டும் நம்பினா தேவையில்லாத மருந்து, தேவையில்லாத சிசேரியன்.
2020-ல் வந்த புதிய வழிகாட்டிப் படிவத்தில் அந்த நேர்கோடே இல்லை. 5 சென்டிமீட்டரில் 6 மணி நேரம் வரை பொறுக்கலாம், 9-ல் 2 மணி நேரம்தான் என்று ஒவ்வொரு படிக்கும் தனி அளவு.
48 வருஷத்தில் கோட்டை மாத்திக்கிட்டாங்க. யாரும் ஃபில்பாட்டைத் திட்டலை.

27/
இதை உங்க வீட்டுக்கு எப்படி எடுத்துப் போறது?
குழந்தையை அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பாங்க. ஒரு மாச எடையைப் பார்த்துப் பயப்படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க. ஒரு புள்ளிக்குச் சாய்வு கிடையாது. மூணு மாசப் புள்ளிகளை இணைச்சுப் பாருங்க. கோடு ஏறுதா, படுத்திருக்கா, இறங்குதா? படுத்திருந்தாலே எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க.
சுகரும் பிரஷரும் அப்படித்தான். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்து வாங்கன்னு நாங்க கெஞ்சுவது இதுக்காகத்தான்.

28/
பிரசவத்துக்கு நாள் குறிச்சுக்கிட்டு வரும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவிலேயே கணக்கு மாறுதுன்னு மேலே பார்த்தீங்க. உள்ளே இருக்கும் பெண்ணின் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு கேளுங்க. நாங்க அனுப்பச் சொல்லும் நேரத்தில் வண்டி ஏறுங்க.
வீட்டுப் பிள்ளை 'இந்த கிராஃப் எதுக்குப் படிக்கணும்'னு கேட்டா, புதுச்சேரித் தரையில் சோழி பரப்பி உட்கார்ந்த கணக்கர் கதையைச் சொல்லுங்க. 41 விநாடி, 56 நிமிஷம், ரெண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க.
சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. நைட் டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.